பழைய படக்கருவி போதுமா?

புதிய படக்கருவி இருந்தால்தான் நல்ல படம் எடுக்க முடியும் என்று பலர் எண்ணுகின்றனர். அது எப்போதும் உண்மையன்று.

2008ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கான் டி90 மின்னிலக்கப் படக்கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் எடுக்கும் படத்தில் ஏறத்தாழ 12 மில்லியன் படப்புள்ளிகள் இருக்கும். ஏ4 தாளில் தெளிவாக அச்சிட, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வீதம் ஏறத்தாழ 9 மில்லியன் புள்ளிகளே தேவை. ஆகவே, பகல் வெளிச்சத்தில் பூக்களையும் கட்டடங்களையும் படமெடுப்பவருக்கு அக்கருவி இன்றும் போதும்.

ஆனால், ஒளி குறைந்த இடத்தில் அதன் குறை தெரியும். ஒளியுணர்திறனைக் கூட்டினால், படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். மேடை நடனத்தையும் இரவுநேர விளையாட்டுகளையும் அடிக்கடி படமெடுப்பவருக்குப் புதிய கருவி உண்மையிலேயே உதவும். எனினும், கருவியை மாற்றும்போது சில வேளைகளில் லென்ஸையும் மாற்ற நேரிடும், செலவு கூடும்.

எனவே, வாங்குவதற்குமுன் எடுத்த படங்களை ஒருமுறை ஆராய்ந்து பார்ப்பது நல்லது. கை நடுக்கத்தால் படம் மங்கியிருந்தால், முக்காலியே போதும். குறை கருவியிலா, படமெடுக்கும் முறையிலா என்று பிரித்தறிபவரின் பணம் வீணாகாது.