ஓராண்டுப் பறவைக் கணக்கு: கூடாரப் பயணத்தோடு தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தமிழ்நாட்டுக்குள் எத்தனை வகைப் பறவைகளைப் பார்த்துவிட முடியும்? இதுதான் சவால். ஜனவரியில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகளில் தண்ணீர் இருக்கும், வலசை வந்த பறவைகளும் திரும்பியிருக்காது.

1. முதல் பறவை வீட்டிலேயே

வண்டியைக் கிளப்பும் முன் மொட்டைமாடியில் அரை மணி நேரம் நில்லுங்கள். காகம், மைனா, தவிட்டுக்குருவி, செம்போத்து என்று பார்த்ததையெல்லாம் எழுதுங்கள். தினம் பார்க்கும் பறவையைத்தான் பலரும் பட்டியலில் விட்டுவிடுகிறார்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

8×42 பைனாகுலர், குறிப்பேடு, க. ரத்னத்தின் ‘தமிழ்நாட்டுப் பறவைகள்’ போல ஒரு புத்தகம். கேமரா பிறகு வரட்டும். படமெடுக்கும் அவசரத்தில் பறவையின் நடையும் குரலும் மனதில் பதியாது.

3. வழி

சென்னையிலிருந்து புறப்பட்டால் வேடந்தாங்கல், கோடியக்கரை, தனுஷ்கோடி, கூந்தன்குளம். ஒரு வாரத்துக்கு இந்த நான்கு இடங்கள் போதும், ஐந்தாவதைச் சேர்க்காதீர்கள்.

வேடந்தாங்கலில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கைக்கெட்டும் தூரம்போலத் தெரியும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரியும். அதனால்தான் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். கோடியக்கரையின் சேற்றுவெளியில் பூநாரைகளைத் தேடுங்கள். உள்ளான்கள் கூட்டமாக இரை தேடும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாமல் குழம்புவீர்கள். பெயர் தெரியாததை ‘உள்ளான் இனம்’ என்றே எழுதுங்கள், ஊகத்தில் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். கூந்தன்குளத்தில் இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளைப் பார்த்த அன்று எனக்குப் பேச்சே வரவில்லை.

4. கூடாரம் எங்கே?

சரணாலயத்துக்குள் கூடாரம் போடக் கூடாது. பக்கத்து ஊரில் கேட்டுப் பாருங்கள். தென்னந்தோப்பிலோ அறுவடை முடிந்த களத்திலோ இடம் தருவார்கள். அனுமதி வாங்கிய பிறகே முளையடியுங்கள். மார்கழி, தை மாதங்களில் பனி நனைத்துவிடும் என்பதால் மேல்விரிப்பு அவசியம். பாம்பு நுழையாமல் ஜிப்பை எப்போதும் மூடி வையுங்கள். கூடு உள்ள மரத்தடி வேண்டாம், நெருப்பும் வேண்டாம்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கவே கூடாது. எதிரி வந்துவிட்டதென்று நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தை அது வீணாக்கும்.

5. கணக்கு எழுதுவது

ஒவ்வொரு இடத்துக்கும் தனிப்பட்டியல். தொடங்கிய நேரம், நடந்த தூரம், பறவைகளின் எண்ணிக்கை மூன்றும் வேண்டும். ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் உங்கள் பட்டியலைச் சேர்க்கலாம்.

6. திரும்பி வந்த பிறகு

கோடையில் வால்பாறைக்குப் போய் இருவாச்சியைத் தேடுங்கள். ஆறுமணிக்குருவி ஜனவரியில் தென்படவில்லையா? கவலை வேண்டாம். ஏப்ரலுக்குள் வடக்கே போய்விடும் அது, அக்டோபர் வாக்கில் மறுபடி வரும். அப்போது அந்தி ஆறு மணிக்குப் புதரோரம் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள்.