மலையேறிய நாயின் பௌதிகம்

இமயமலையில் நடைப்பயணம் போகிறவர்களுக்குக் கேட்காமலே ஒரு துணை வந்து சேர்வதுண்டு. மலைக்கிராமத்திலோ வழியிலுள்ள தேநீர்க் கடையிலோ படுத்துக் கிடக்கும் நாய் ஒன்று எழுந்து, உடம்பை உதறிவிட்டுக் கூடவே நடக்கத் தொடங்கும். முகாமில் கிடைக்கும் மிச்சச் சோறு இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமல்ல. ஆட்டு மந்தையோடு நாள் முழுதும் மேடு பள்ளம் பாராமல் நடந்து காவல் காத்த நாய்களின் வழித்தோன்றல்கள் இவை. நடக்கிற கூட்டத்தைக் கண்டால் இவற்றுக்குக் கால் நிற்பதில்லை.

இப்படிச் சேர்ந்துகொண்ட ஒரு பெண் நாய், 2018 நவம்பரில் நேபாளத்தில், 7,129 மீட்டர் உயரமுள்ள பருன்ட்சே சிகரத்தின் உச்சிக்கே போய்விட்டது! டான் வார்கோவ்ஸ்கி என்பவர் தலைமையில் சென்ற குழு, முதலில் மேரா சிகரத்தில் (6,476 மீட்டர்) ஏறி இறங்கியபோது வழியில் இது வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் அதற்கு ‘மேரா’ என்றே பெயரிட்டார்கள். எடை சுமார் 20 கிலோகிராம். காலணி இல்லை, கம்பளி உடை இல்லை. அது எப்படி மேலே போயிற்று?

முதலில் காற்றைக் கவனிப்போம். கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 76 செ.மீ. பாதரசம் என்று படித்திருக்கிறீர்கள். பருன்ட்சேயின் உச்சியில் அது ஏறத்தாழ 32 செ.மீ. தான். அங்கும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு நூற்றுக்கு 21 என்பது மாறுவதில்லை. ‘மலைமேல் ஆக்சிஜன் சதவீதம் குறைவு’ என்று தேர்வில் எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். குறைவது சதவீதமன்று, அழுத்தம்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. நாம் இழுக்கும் மூச்சு நுரையீரலை அடைவதற்குள் நீராவியால் நிறைந்துவிடுகிறது. நீராவியின் செறிவு அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. உடலின் வெப்பநிலை 37 டிகிரி; எனவே நீராவி கடற்கரையிலும் சிகரத்திலும் அதே 4.7 செ.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கடல்மட்டத்தில் எஞ்சுவது 71.3 செ.மீ.; அதில் 21 சதவீதம் 15 செ.மீ. உச்சியில் எஞ்சுவது 27.3, அதில் ஆக்சிஜன் 5.7 செ.மீ. மட்டுமே. காற்றழுத்தம் 42 சதவீதமாகக் குறைய, மூச்சில் வரும் ஆக்சிஜனோ 38 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நாயின் உடல் நம்முடையதைவிடச் சற்றுச் சூடானது. நீராவிக்கு அது கொடுக்கும் வரி இன்னும் கொஞ்சம் அதிகம்!

இந்த நெருக்கடியைச் சமாளிப்பது இரத்தத்தின் வேலை. திபெத்திய மாஸ்டிஃப் இன நாய்களின் ஹீமோகுளோபின், சமவெளி நாய்களுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்கிறது என்று 2019-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. இதற்குக் காரணமான மரபணு மாற்றங்கள், நெடுங்காலத்துக்கு முன் திபெத்திய ஓநாய்களோடு ஏற்பட்ட கலப்பினால் வந்தவை. மேராவைப் பார்த்தவர்கள், அது மாஸ்டிஃபும் இமய மேய்ப்பு நாயும் கலந்த இனம் என்று தோற்றத்தைக் கொண்டு கருதினார்கள். அப்படியானால் இந்தச் சொத்தில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

அடுத்தது குளிர். பனிக்கட்டியின் மேல் வெறுங்காலோடு நிற்கும் நாயின் பாதம் ஏன் விறைத்துப்போவதில்லை? ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் நாயின் பாதத்திலுள்ள இரத்தக் குழாய்களின் அமைப்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். பாதத்துக்குச் சூடான இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியைச் சுற்றி, குளிர்ந்த இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள் பின்னிக் கிடக்கின்றன.

இதன் பயனை அறிய இரண்டு குழாய்களைக் கற்பனை செய்யுங்கள். ஒன்றில் 38 டிகிரி நீர், மற்றதில் அதே அளவு 2 டிகிரி நீர். இரண்டும் ஒட்டியபடி ஒரே திசையில் ஓடினால், கடைசியில் இரண்டும் 20 டிகிரிக்கு வந்து நின்றுவிடும். அதற்குமேல் வெப்பம் கடக்காது. எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டாலோ, வழி நெடுகச் சூடான நீருக்குப் பக்கத்தில் அதைவிடச் சற்றே குளிர்ந்த நீர் இருந்துகொண்டே இருக்கும். குழாய்கள் போதிய நீளமிருந்தால், குளிர்ந்த நீர் ஏறக்குறைய 38 டிகிரியோடு வெளியே வரும். நாயின் காலில் நடப்பது இந்த இரண்டாவது ஏற்பாடு. பாதத்துக்குப் போகும் வெப்பத்தின் பெரும்பகுதி பனியில் வீணாகாமல், திரும்பும் இரத்தத்தோடு உடலுக்கே வந்துசேர்கிறது.

ஆனால் கூரிய பனிக்கட்டியின் கீறலுக்கு இந்த ஏற்பாடு மருந்தாகாது. மேராவின் பாதங்களும் புண்ணாகத்தான் செய்தன.

இதைவிடப் பெரிய சங்கடம் இறக்கத்தில் காத்திருந்தது. சமதரையில் நிற்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களின் மேல் விழுகிறது. ஏறும்போது எடை பின்னால் சாயும். உந்தித் தள்ளும் பின்னங்கால்கள் தரையை நன்றாக அழுத்தும். உராய்வு விசை அந்த அழுத்தத்தைப் பொறுத்தது. ஆகவே பிடிப்புக் கிடைக்கும். இறங்கும்போது எல்லாம் தலைகீழ். எடை முன்னங்கால்களில் குவிய, பின்னங்கால்கள் இலேசாகிப் பிடிப்பை இழக்கும். மனிதனைப் போல் சரிவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பனிக்கோடரியை ஊன்றி இறங்க நாயால் முடியாது. உச்சிக்குப் போவதற்குமுன் ஒருமுறை, கயிறு கட்டச் சென்ற ஷெர்பாக்களின் பின்னால் ஏறிய மேரா, செங்குத்தான இடத்தில் இறங்க அஞ்சி நின்றுவிட்டது. இரண்டு இரவுகளைப் பனியாற்றின்மேல் தனியே கழித்தது. உச்சியிலிருந்து திரும்பும்போது சில இடங்களில் அதைக் கயிற்றில் பிணைத்தே இறக்கினார்கள்.

ஆகையால், நடைப்பயணத்தில் நாய்க்கு ஒரு ரொட்டித் துண்டைப் போடுமுன் மேலே இருக்கும் சரிவையும் நினைத்துப் பார்க்க வேண்டும். புல்வெளியோடு முடியும் பாதையானால் கவலையில்லை. அது தானே வீடு திரும்பிவிடும். பனிச்சரிவுக்குப் போகிற குழுவானால், உணவு கொடுத்தவர் அதை இறக்கிக் கொண்டுவரும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார். கயிறும் ஆளும் மிச்சமில்லாத குழு, ஊர் எல்லையிலேயே அந்த நாயை யாரிடமாவது பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவதுதான் நல்லது. மேராவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. முகாமைக் கவனித்துக்கொண்ட ஷெர்பா ஒருவர், பயணம் முடிந்ததும் அதைத் தாமே வளர்க்க எடுத்துக்கொண்டார்.