கனவு சொல்ல எழும்பிய மகனுக்கு

அன்புள்ள மகன்,

புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து நீ சைக்கிளை எடுத்தபோதே மறித்துக் கதைத்திருக்க வேண்டும். ஆட்கள் நின்றார்கள், விட்டுவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

கர்த்தர் சொப்பனத்தில் காட்டினார் என்று சொல்லி, அந்தப் பிள்ளைக்குப் பேசிவைத்த கலியாணம் வேண்டாம் என்றாய். சொல்லும்போது நீ கண்ணை மூடியிருந்தாய். அவளுடைய தாயின் முகத்தை நான் பார்த்தேன். மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் ஒப்பேறின கலியாணம் அது. அவளுக்கு உன்னோடு வாதாட வாயில்லை. நீ கர்த்தரின் பெயரைச் சொல்லிவிட்டாயே!

கடவுள் இந்தக் காலத்திலும் கனவில் பேசுவாரா என்றால், பேசமாட்டார் என்று சொல்ல என் நாக்கு எழும்பாது. அப்போஸ்தலரோடு தரிசனங்கள் முடிந்துவிட்டன, இனி வேதம் மட்டுமே போதும் என்று படிப்பிக்கிற சபைகள் உண்டு. வசனத்தின்மேல் அவர்களுக்குள்ள பயபக்தியை மதிக்கிறேன். ஆனால் பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு யோவேலின் தீர்க்கதரிசனத்தை எடுத்துப் பேசியபோது, வாலிபரின் தரிசனத்தையும் கிழவரின் கனவையும் கடைசி நாட்களுக்குரியதென்றார். அந்த நாட்கள் முடிந்துபோயின என்று எனக்கு எவரும் காட்டித் தந்ததில்லை.

சாது சுந்தர் சிங்கின் கதை உனக்குத் தெரியும். 1904 டிசம்பர், பஞ்சாபில் ராம்பூர். தாயைப் பறிகொடுத்த பதினைந்து வயதுப் பொடியன், சுவிசேஷத்தை நெருப்பில் போட்டவன். உண்மையான கடவுள் தன்னைக் காட்டாவிட்டால் விடியற்கால ரயிலுக்கு முன்னால் படுத்துவிடுவேன் என்று, குளிரில் தலைமுழுகிவிட்டு ஜெபித்தான். கிறிஸ்துவைக் கண்டான். பிறகு நடந்ததைப் பார். வீட்டிலிருந்து துரத்தினார்கள். அடுத்த வருசம் சிம்லாவில் ஞானஸ்நானம். காவியுடுத்து வெறுங்காலோடு மலை மலையாக நடந்தார். 1918இல் நம் இலங்கைக்கும் வந்துபோனார். 1929இல் திபெத்துக்குப் புறப்பட்டவர் திரும்பி வரவேயில்லை. அந்தத் தரிசனம் அவருடைய உயிரையே கேட்டது, அவரும் கொடுத்தார். மரியாளின் யோசேப்பும் அப்படித்தான். கனவு கண்டவுடன் எழும்பி, இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு நடந்தார். அவர் வாயால் சொன்ன ஒரு சொல்கூடச் சுவிசேஷத்தில் இல்லை.

உன் கனவு உன்னிடம் என்ன கேட்டது, மகன்?

இனி என் கதை. இதை உனக்குச் சொன்னதில்லை.

2004ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம், ஓட இடமிருக்கவில்லை. பிறகு பாடசாலை முகாமில் ஒரு தாய்க்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். அவளுடைய ஏழு வயது மகன் கிடைக்கவில்லை. மூன்றாம் கிழமை நான் கனவு கண்டேன். ஒரு கிணற்றடியில், ஈரத் தலையோடு, அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறான். விடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. அவளைத் தட்டியெழுப்பி, உன் பிள்ளை உயிரோடிருக்கிறான், ஆண்டவர் காட்டினார் என்றேன்.

அவள் முகாம் முகாமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள். ஊரிலுள்ள கிணறெல்லாம் எட்டிப் பார்த்தாள். அந்த நாட்களில்தான் கல்முனை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 81ஆம் இலக்கக் குழந்தைக்குப் பலர் உரிமை கோருவதாகக் கதை பரவியது. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டு, 2005 பெப்ரவரியில் பெற்றோரிடம் ஒப்படைத்தது. பெற்றவர்கள் சொன்ன சொல்லையே சோதித்துப் பார்த்தார்கள். நான் என் கனவை எதில் வைத்துச் சோதித்தேன்?

அவள் ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு சோடிச் செருப்பு வாங்கிவைத்தாள். வருசத்துக்கு ஓர் அளவு கூட்டி. பிள்ளை வளர்ந்திருப்பானல்லவா. ஐந்தாவது சோடியை என் கையில் தந்துதான், "அக்கா, பிறகும் உங்களுக்கு ஏதும் காட்டினாரா?" என்று கேட்டாள். அந்தச் செருப்பின் ரப்பர் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

நான் பொய் சொல்லவில்லை. கனவு கண்டது உண்மை. அவளுக்குப் பிள்ளை கிடைக்க வேண்டும் என்ற என் ஆசைதான் கிணற்றடியில் வந்து நின்றது. அதை ஆண்டவரின் குரலென்று எடுத்துக்கொண்டேன். அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா மகனுக்காகக் கனவு கண்டவர், அது பலித்தது. ஆனால் மகனின் கலியாண விசயத்தில் ஏதேதோ தோன்றியபோது, அதை அவரே பெரிதாக எடுக்கவில்லை. கடவுள் காட்டுவதையும் தன் மனம் காட்டுவதையும் ஒரு ருசியால் பிரித்தறிவேன், அதைச் சொல்லில் விளக்க முடியாது என்பாராம். அந்த ருசி ஒரு நாளில் வராது.

சின்ன வயதில் ஒரு பூரணை இரவு அப்பா என்னைத் தோணியில் பாலத்தடிக்குக் கூட்டிப்போனார், மீன் பாடுவதைக் கேட்க. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைக்கச் சொன்னார். வைத்தவுடனே, "கேட்குது அப்பா!" என்றேன். "அது தோணியில தண்ணி அடிக்கிற சத்தம் மனே. அசையாம இரு" என்றார். எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது, கால் விறைத்துவிட்டது. பிறகுதான் கேட்டது, நரம்பொன்றை எங்கோ ஆழத்தில் மெல்லச் சுண்டுவதுபோல.

கனவு வந்தால் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதிவை. உனக்கு மூத்த ஒருவரிடம் மட்டும் சொல். உன்னை ஒரு வேலைக்கு அனுப்பினால் எழும்பிப் போ. இன்னொருவரைப் பற்றியதென்றால் அவருக்காக முழங்காலில் நில், சபையில் வாய் திறவாதே. வைக்கோலுக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம் என்று எரேமியா கத்தினது, பொய்க் கனவு சொல்லி ஊரை அலைக்கழித்தவர்களைப் பார்த்துத்தான்.

பெண்ணின் தாய் இன்னும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை பின்னேரம் நீ அங்கே போக வேண்டும். அது நான் கண்ட கனவு, கர்த்தரின் பெயரை அதில் வைத்தது என் பிழை என்று அவளிடம் சொல்ல வேண்டும். தனியாகப் போகக் கூச்சமாயிருக்கும். நாலு மணிக்கு இங்கே வா, நானும் வருகிறேன்.

பெரியம்மா,
கல்லடி