சூரியன் மேல் புதன்: கேமராக்காரருக்குச் சில குறிப்புகள்

2032 நவம்பர் 13 அன்று புதன் சூரியனுக்குக் குறுக்கே போகும். நம் நேரப்படி பகல் சுமார் 12.10 முதல் மாலை 4.35 வரை. திண்டுக்கல்லில் அது ஐப்பசிக் கடைசி, அடைமழை நேரம். மேகம் விலகும் ஐந்து நிமிஷத்துக்குக் கேமராவைத் தயாராக வையுங்கள்.

சூரிய ஃபில்டர் லென்ஸின் முன்னால்தான் மாட்ட வேண்டும், கண் வைக்கும் பக்கம் அல்ல. எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் வேண்டவே வேண்டாம்.

2004 ஜூன் 8-இல் தெரிந்த வெள்ளி சூரிய வட்டத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலம் இருந்தது. புதனோ இருநூறில் ஒரு பங்குதான்! 1000 மி.மீ. லென்ஸில் சூரியனே 9 மி.மீ.தான் விழும். ஆகவே மணி பொடியாக உள்ள ஐஎஸ்ஓ 100 ஃபிலிமே சரி. நெகட்டிவ் கொஞ்சம் பிழை பொறுக்கும், ஸ்லைடு பொறுக்காது.

கறுத்த பின்னணி மீட்டரை ஏமாற்றும், மேனுவலில் வையுங்கள். கண்ணால் பார்க்கும் தரத்து ஃபில்டரென்றால் எஃப்/8, 1/400 நொடியில் தொடங்கி, மேலும் கீழும் இரண்டிரண்டு படம். முந்தைய வாரமே வெறும் சூரியனை எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஃபிலிம் கழுவ இப்போது ஸ்டுடியோ கிடைப்பதே அபூர்வம், அதையும் முன்பே விசாரியுங்கள்.