ஊசிக்கு முன் கேட்க வேண்டியவை

பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் கால் இறுகியிருந்தால், சில வேளை மருத்துவர் போட்டாக்ஸ் ஊசி போடலாம் என்பார். இது மூளைப் பாதிப்பைக் குணப்படுத்தாது. தசையை இறுக்கச் சொல்லும் நரம்பின் செய்தியைத் தற்காலிகமாகத் தடுக்கும். பலன் சில நாளில் தெரியும். சுமார் 3 மாதம் நிற்கும். அதற்குள் தினமும் பயிற்சி செய்யாவிட்டால் ஊசியின் பயன் பெரும்பாலும் கைநழுவும்.

ஆகவே முதலில் கேட்போம்: எந்தத் தசைக்கு? நடக்கவா, உடை மாற்றவா, வலி குறையவா? தசை ஏற்கெனவே சுருங்கி நிலைத்துவிட்டதா? அப்படியானால் ஊசி மட்டும் உதவாது. பயிற்சிக்கு யார் அழைத்துப் போவது? நமக்கு அருகே முட்டுக்காட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்தில் பிசியோதெரபி உண்டு.

ஊசி போட்டுச் சில வாரங்கள் கழித்துக்கூட, பிள்ளை விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு இலகுவாக்குவானாக.