டர்போ காரும் புகைச் சோதனையும்: புதிதாக இறங்கும் தம்பிகளுக்கு

புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் பழைய பெரோடுவா கஞ்சிலையும் புரோட்டோன் சத்ரியாவையும் வாங்கி, ஜப்பான் டர்போ இன்ஜினை இறக்கி ஓட்டும் ஆசை இன்னும் குறையவில்லை. மலேசியாவில் சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் சோதனை கிடையாது. லாரி, பஸ் போன்ற வர்த்தக வண்டிகளுக்குத்தான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அதனால் இன்ஜின் மாற்றத்தைப் பதியும்போதோ, சாலைத் தடுப்பில் சுற்றுச்சூழல் இலாகா அதிகாரி கையைக் காட்டும்போதோதான் நம்மவர்களுக்குப் புகை ஞாபகம் வருகிறது. அந்த நேரத்தில் ஓடி வருகிறவர்களிடம் நான் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

1. இன்ஜினுக்கு முன்னால் காகிதம். ஹாஃப்-கட் (பாதியாக வெட்டிய பழைய ஜப்பான் கார்) விற்கும் கடையில் பேரம் பேசும்போதே ரசீதும் சுங்கப் பத்திரமும் கிடைக்குமா என்று கேள். இல்லை என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடு. இன்ஜினை இறக்குவதற்கு முன்பே ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி கேட்க வேண்டும். பிறகு புஸ்பாகோம் என்னும் வாகனச் சோதனை நிலையத்தில் சோதனை. அதன் பிறகே புது இன்ஜின் எண் கெரானில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) ஏறும். 850 சிசி கஞ்சிலுக்குள் 660 சிசி ஜேபி-ஜேஎல் டர்போ இன்ஜினை வைத்தவர்கள், "சிசி குறைந்துதானே போகிறது, அங்கிள்" என்று வாதாடுவார்கள். சாலை வரிக்கு அந்த வாதம் சரி. ஆனால் கெரானில் இல்லாத எண்ணோடு சோதனைக்குப் போனால் அங்கேயே கதை முடிந்தது. புகையை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் தேடுவதும் அந்த எண்ணைத்தான்.

2. டர்போமேல் பழி போடாதே. பெட்ரோல் காரின் எக்ஸாஸ்ட் குழாய்க்குள் புகைச் சோதனைக் கருவியின் முனையைச் செருகுவது, வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது (ஐடில்). அப்போது பூஸ்ட்டே கிடையாது. புரோட்டோன் 2012இல் பிரேவேயில் டர்போ கொடுத்தது, பெரோடுவா 2021இல் ஆத்திவாவில் கொடுத்தது. அவை புகை கக்குவதில்லை. உன் வண்டி தோற்றால் காரணம் டியூனிங்கிலோ குழாயிலோ இருக்கும்.

3. ஐடிலில்தான் எல்லாம் இருக்கிறது. வலிமையை அளக்கும் டைனோவில் குதிரைத்திறன் எண்ணைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். முழு பூஸ்ட்டில் இன்ஜினைக் காப்பாற்ற, ஒரு பங்கு பெட்ரோலுக்கு பதினொன்றரை, பன்னிரண்டு பங்கு காற்று என்று கெட்டியாக ஊட்டுவது முறைதான். நின்று ஓடும்போதோ 14.7 பங்கு காற்று வேண்டும். பெரிய இன்ஜெக்டர் போட்ட வண்டியில் இங்கேதான் சிக்கல். அது திறந்து மூடும் நேரம் மிகச் சிறியது, அதற்குள் சொட்டளவு பெட்ரோலைச் சரியாக விடுவது கடினம். அதனால் டியூனர் இன்ஜின் தடுமாறாமல் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டி விட்டுவிடுவார். கார்பன் மோனாக்சைடு ஏறிவிடும். ஆகவே டியூனரிடம் தனியாகக் கேள்: ஐடிலில் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இசியூ (இன்ஜினின் கணினி) தன்னைத் திருத்திக்கொள்கிறதா, இல்லை அதை அணைத்து வைத்திருக்கிறாரா? அணைத்து வைத்தவர்கள் நிறையப் பேர். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால், எரியாத பெட்ரோல் நேரே வெளியே போவதால் ஹைட்ரோகார்பனும் ஏறும். அதற்கு ஐடில் வேகத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் பலன் உண்டு.

4. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றி எறியாதே. டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) மாற்றும் சாக்கில் இதைக் கழற்றுவது நம் ஊரில் ஒரு நோய். சத்தம் கிடைக்கும், நாற்றமும் கிடைக்கும், அவ்வளவுதான். அடைப்பு பயமாக இருந்தால் துளைகள் அகலமான ஸ்போர்ட்ஸ் வகையை வாங்கிப் போடு. ஆனால் வெறும் டப்பாவை வாங்கி ஏமாறாதே. உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பார். கெட்டியான பெட்ரோலை நாள்கணக்கில் குடித்தாலோ, எண்ணெய் எரிந்து படிந்தாலோ நல்ல கன்வர்ட்டரும் செத்துப்போகும். அதனால்தான் மூன்றாவதை முதலில் சரிசெய்யச் சொல்கிறேன்.

5. புளோ-ஆஃப் வால்வின் 'ஷ்ஷ்' சத்தம் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. காற்றை அளந்து பெட்ரோல் விடும் ஏர்ஃப்ளோ சென்சார் வண்டியில், அளந்த காற்றை வெளியே விட்டால் கணக்குத் தவறி, மிதியை விடும்போதெல்லாம் கரும்புகை வரும். காற்று திரும்பவும் டர்போவுக்கு முன்னாலேயே சேரும்படி குழாய் போடு. அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

6. சின்ன விஷயங்கள்: ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால் இசியூ பெட்ரோல் குறைவென்று நம்பிக் கூட்டி ஊற்றும். பெட்ரோல் கலந்த பழைய இன்ஜின் எண்ணெயோடு சோதனைக்குப் போகாதே, மாற்றிவிட்டுப் போ. பிளக், வேக்குவம் ஹோஸ் பார். நீலப்புகை வந்தால் டர்போ சீலையோ பிஸ்டன் ரிங்கையோ பார்க்க வேண்டும், டியூனால் அது தீராது.

7. சூடாகப் போ. கன்வர்ட்டர் முந்நூறு டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் வேலையே செய்யும். மாக் மண்டின் புஸ்பாகோமுக்குப் போகிறாயானால் நெடுஞ்சாலை வழியாகக் கொஞ்சம் சுற்றிப் போ. வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைக்காதே. உன் முறை வருமுன் 2500 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் பிடி.

8. டீசல் வேறு. ஹைலக்ஸ், டிரைட்டனில் சிப் மாற்றியவர்களுக்கு நான் இரண்டாவதில் சொன்ன ஆறுதல் கிடையாது. அங்கே நின்ற வண்டியை முழுதாக மிதித்துப் பார்க்கிறார்கள்; கரும்புகை 50 எச்எஸ்யூவை (புகையின் அடர்த்தி அளவு) தாண்டினால் குற்றம். 1996ஆம் ஆண்டு விதிமுறை அது. புகை வருவதே வலிமை என்று நினைப்பவர் வீணாக எரியும் டீசலுக்குக் காசு கொடுக்கிறார்.

9. ஒரு நாளைக்கு மட்டும் கன்வர்ட்டரை இரவல் வாங்கி மாட்டுவது, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்னும் இடைத்தரகரிடம் பணம் கொடுப்பது, இரண்டும் வேண்டாம். இரவல் வாங்கும் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் சொந்தமாகவே வாங்கலாம். தரகர் விவகாரத்தில் மாட்டினால் வண்டி மட்டும் போகாது.

10. தோற்றால் அந்தச் சீட்டைக் கசக்கி எறியாதே. ஹைட்ரோகார்பன் மட்டும் அதிகம் என்றால் எங்கோ தீப்பொறி சரியாக விழவில்லை: பிளக், காயில். கார்பன் மோனாக்சைடு அதிகம் என்றால் பெட்ரோல் கூடுதல். இரண்டும் அதிகம் என்றால் கன்வர்ட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நன்றாக டியூன் செய்து, கன்வர்ட்டர் உயிரோடு இருக்கும் வண்டியில் கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. உன் போமனிடம் (மெக்கானிக்) போகும்போது முதலில் சீட்டைக் கொடு, பிறகு வண்டிச் சாவியைக் கொடு.