பெட்ரோல் துணியும் பழைய ஃபிலிமும்

சூலக்கரைப் பக்கம் நாற்கரச் சாலையில் ஓடும் கார்களின் முகத்தை உற்றுப் பாருங்கள். ஜல்லி லாரிக்குப் பின்னால் நாலு தடவை போய் வந்தாலே பானட் முனையும் பம்பரும் புள்ளி புள்ளியாகக் கொத்துப்பட்டிருக்கும். அதற்குப் பயந்து புது வண்டி எடுப்பவர்கள் பலரும் பி.பி.எஃப் என்கிற பாதுகாப்பு ஃபிலிமை ஒட்டிக்கொள்கிறார்கள். நல்ல பொருள்தான். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க ஹெலிகாப்டர்களின் இறக்கை விளிம்பை மணல் அரிக்காமல் காக்க ஒட்டிய படலத்தின் வாரிசு அது. ஆனால் எந்த ஃபிலிமுக்கும் ஆயுசு உண்டு. நம் வெயிலில் சில வருஷத்தில் மஞ்சள் பூத்து, ஓரம் காய்ந்து, நகத்தால் நெம்பினால் சிம்பு சிம்பாக ஒடியத் தொடங்கும். அப்போது உரித்தே ஆகவேண்டும். எப்படி உரிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. அதில் சில வண்டியைக் கெடுக்கும், ஒன்று உயிரையே வாங்கும்.

“பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தால் கம் கரைந்து வந்துவிடும்.”

கரைவது உண்மை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பெட்ரோல் ஆவி தீப்பற்ற வெயில் வேண்டியதில்லை. மைனஸ் 40 பாகை செல்சியஸ் குளிரிலும் பற்றக்கூடிய சரக்கு அது. சித்திரை மாதத்து மத்தியானம், மூடிய கார் ஷெட், கையில் ஈரத் துணி, பக்கத்தில் ஃபிலிமைச் சூடேற்ற ஓடும் ஹீட் கன். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஹீட் கன் இல்லாவிட்டாலும் பொறி வரும். காய்ந்த பிளாஸ்டிக் படலத்தை வெடுக்கென்று இழுக்கும்போது நிலைமின்சாரம் உண்டாகும். இருட்டறையில் செலோ டேப்பைச் சுருளிலிருந்து சட்டென்று இழுத்துப் பாருங்கள், பிரியும் இடத்தில் மெல்லிய நீல வெளிச்சம் தெரியும். 2008இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதையே காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் செய்து, எக்ஸ் கதிர் வருவதையே காட்டினார்கள். சாதாரணக் காற்றில் எக்ஸ் கதிர் வராது, பொறி வரும்.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குப் போகிறவர் பருத்தித் துணிதான் உடுத்தவேண்டும், வாசலில் உள்ள உலோகத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் நுழையவேண்டும் என்பது சிவகாசி வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உராய்வு என்ன செய்யும் என்று நம்மை விட அறிந்தவர்கள் யார்? ஆலையில் அத்தனை கவனமாக இருந்த அதே கை, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் பாலியெஸ்டர் சட்டையோடு பெட்ரோல் துணியை எடுக்கிறது. வேண்டவே வேண்டாம்.

அதற்கு மாற்றும் சிவகாசியிலேயே இருக்கிறது. ஆஃப்செட் அச்சகங்களில் தண்ணீர்க் கலவையில் சேர்க்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஃபிலிம் விட்டுப்போன கம்மை நன்றாகவே இளக்கும். அதுவும் தீப்பற்றக்கூடியதுதான். ஆகவே ஹீட் கன் வேலையெல்லாம் முடிந்து, அதை அணைத்து ஆறவைத்து, காற்றோட்டமான இடத்தில், கொஞ்சமாகத் துணியில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைக்கவேண்டும். மண்ணெண்ணெய்கூட மெதுவாக வேலை செய்யும். அதையும் சூட்டின் பக்கம் கொண்டுபோகாமல், துடைத்த பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவிவிடவேண்டும். தேங்காய் எண்ணெயும் சின்ன ஸ்டிக்கர் கம்முக்குப் போதும், நேரம்தான் பிடிக்கும். தின்னர் மட்டும் கூடாது. டச்சப் செய்த இடத்தில் பெயின்டையே கரைத்துவிடும், பம்பரிலும் விளக்கிலும் உள்ள பிளாஸ்டிக்கை மங்கடித்துவிடும்.

“உச்சி வெயிலில் நிறுத்தினால் தானாகக் கழன்று வரும்.”

பாதி உண்மை. கம் இளகச் சூடு தேவை. ஆனால் கறுப்புக் கார் நம் வெயிலில் கை வைக்க முடியாத அளவு காயும்போது கம் அளவுக்கு மேல் இளகி, நடுவில் பிளந்துவிடும். ஃபிலிம் தனியாகக் கையோடு வரும், பசை முழுக்கப் பெயின்டிலேயே தங்கும். குளிர்ந்த வண்டியிலோ இதற்கு நேர் எதிர்: ஃபிலிம் துண்டு துண்டாகக் கிழியும். ஆகவே நிழலில் நிறுத்தி, முதலில் கழுவுங்கள். கரிசல் தூசி ஒட்டிய பரப்பின் மேல் எதையும் தேய்க்கக்கூடாது. பிறகு ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் சூடேற்றிக்கொண்டே போங்கள். கையை வைத்து ஒரு நொடி தாங்கினால் போதுமான சூடு. ஹீட் கன் காற்று 500 பாகை வரைகூடப் போகும் என்பதால் அதை ஓரிடத்தில் நிறுத்தவே கூடாது. அவசரமில்லாதவருக்குத் தலை உலர்த்தும் டிரையரே நல்லது.

ஓரத்தை நகத்தாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், ஃபிலிமை அதன் முதுகு மேலேயே மடித்தாற்போல் தாழ்வாக, மெதுவாக இழுக்கவேண்டும். இழுக்கும்போது பிரியும் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பசை நூல் நூலாக நீண்டால் சூடு அதிகம். ஃபிலிம் வெள்ளையாகி முறுக்கிக்கொண்டால் சூடு பற்றவில்லை.

“பிளேடு போட்டுச் சுரண்டினால் சீக்கிரம் முடியும்.”

ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் கனம். அதன் கீழே பெயின்டின் மேல்பூச்சாக இருக்கும் க்ளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. பிளேடுக்கு எங்கே நிற்கவேண்டும் என்று தெரியாது. 2012 ஏப்ரல் 27இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று சொன்ன பிறகு, மே மாதம் ஊரெல்லாம் பிளேடோடு ஃபிலிமைக் கிழித்தது நினைவிருக்கலாம். பின்கண்ணாடியில் பனி நீக்கும் கம்பிக் கோடு உள்ள வண்டிகளில் கோடும் சேர்ந்து போனால் திரும்ப ஒட்டவைக்க வழி ஏது? கண்ணாடிக்கே அந்தக் கதி என்றால் பெயின்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

“கம்பெனி பெயின்ட்தானே, எப்படி இழுத்தாலும் வராது.”

இதில்தான் நானே ஏமாந்தேன். வாங்கிய வண்டி பழையது, வெள்ளை நிறம். விற்றவர் முழுக்க ஒரிஜினல் பெயின்ட் என்று சொன்னார். பானட், வலது ஃபெண்டர் எல்லாம் அழகாக வந்தது. இடது ஃபெண்டரில் ஓரம் கொஞ்சம் அடம் பிடித்தது, உரித்துக் கொடுத்த தம்பி, “அண்ணாச்சி, இங்கெ கொஞ்சம் நிறுத்துவோமா?” என்று கேட்டான். நான் இழுக்கச் சொன்னேன். பப்பாளித் தோல் மாதிரி வெள்ளைப் பெயின்ட் ஃபிலிமோடு சேர்ந்து உரிந்து வந்தது. கீழே சாம்பல் நிறப் பட்டி. எப்போதோ இடிபட்டு, பட்டி பார்த்து, மேலே அடித்த பெயின்ட்.

கம்பெனியில் பெயின்டை 140 பாகை அளவில் வேகவைப்பார்கள், அதனால் அது இரும்போடு பிடித்துக்கொள்கிறது. டிங்கரிங் பட்டறையில் 60 பாகை போதும் என்று முடிப்பார்கள். பல இடங்களில் வெயில்தான் அடுப்பு. அடியில் சரியாக உப்புத்தாள் போடாமல் அடித்திருந்தால், ஃபிலிமின் கம் இரும்பைவிடப் பெயின்டை இறுக்கமாகப் பிடித்திருக்கும். ஆகவே உரிக்கும் முன் பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரிஜினல் பெயின்ட் மொத்தமாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும், அதன் மேல் ஃபிலிமின் கனம். ஒரு பாகத்தில் மட்டும் அளவு எக்கச்சக்கமாக ஏறினால் அங்கே பட்டி இருக்கிறது. அங்கே இரண்டு மடங்கு மெதுவாகப் போகவேண்டும், அல்லது விட்டுவிட்டு டிங்கரிங்காரரிடம் பேசிக்கொண்டு செய்யவேண்டும்.

“டெலிவரி கவரைப் பிரிக்காமல் விட்டால் வண்டி புதுசாவே இருக்கும்.”

சீட் கவரின் பாலிதீனையே வருஷக்கணக்கில் வைத்திருக்கும் நமக்கு இந்த ஆசை புரிகிறது. ஆனால் ஆலையிலிருந்து வரும்போது பானட்டில் ஒட்டி வரும் வெள்ளை ஃபிலிம் வழிப்பயணத்துக்கானது மட்டும். அதிலுள்ள பசை சில மாதத்துக்குத்தான் கணக்கிட்டது. வெயிலில் விட்டால் ஃபிலிம் பொடியும், பசை பெயின்டில் வேகும். வண்டி வீட்டுக்கு வந்த வாரமே பிரித்துவிடுங்கள்.

உரித்து முடித்த பிறகு ஃபிலிம் இருந்த இடமும் இல்லாத இடமும் இரண்டு நிறமாகத் தெரிந்தால் பதறாதீர்கள். மஞ்சளானது பெரும்பாலும் ஃபிலிம்தான். மூடியிருந்த பெயின்ட் தன் நிறத்தில் இருக்கிறது, திறந்திருந்த பகுதிதான் வெயிலில் மங்கியது. மெதுவான பாலிஷ் போட்டால் பெரும்பகுதி சரியாகும். புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்துக்கு மட்டும் ஒரு மாதம் காயவிட்டுத்தான் மறு ஃபிலிம்.

உரித்த ஃபிலிமைச் சுருட்டி, மற்றக் குப்பையோடு கொளுத்திவிடாதீர்கள். பாலியூரிதேன் எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு உண்டு. துண்டு துண்டாக வெட்டி, சாக்கில் கட்டிக் குப்பை வண்டியிடம் கொடுங்கள்.